காடா

எளிமை என்ற வார்த்தை இந்தப் பக்கங்களில் நிறையவே புழங்கிவிட்டது. சொல்லை அதன் பழைய நகைநட்டுகளைக் கழற்றிவிட்டு வெறும் சொல்லாக நிறுத்தவேண்டும், அப்போதுதான் கவிதை தொடங்குகிறது என்று நண்பர் ஒருவர் எனக்குத் தொடர்ந்து எழுதிவருகிறார். இன்றும் தபாலில் கடிதம் எழுதுகிற சிலரில் அவர் ஒருவர். அவருக்கு மறுப்பு எழுத நான் பலமுறை உட்கார்ந்ததுண்டு. கொள்கை அளவில் மறுக்க முடிவதில்லை. மனதார ஒப்புக்கொள்ளவும் முடிவதில்லை. சென்ற சித்திரையில் எட்டு மீட்டர் காடாத் துணி வாங்கி என் வீட்டு ஜன்னல்களுக்குத் திரை தைத்தேன். அவருக்கு எழுதவேண்டிய பதில் அந்த வேலையில்தான் எங்கோ கிடக்கிறது என்று எனக்குப் படுகிறது. கவிதையைப் பற்றிய கட்டுரையை எதிர்பார்ப்பவர்கள் பொறுத்துக்கொள்ள வேண்டும். இது பெரும்பாலும் துணியைப் பற்றியது.

நான் இருப்பது கரூரில், ஒரு வங்கிக் கிளையில் குமாஸ்தாவாக. (பதவியின் பெயரை இப்போது மாற்றியிருக்கிறார்கள். மேஜையும் நாற்காலியும் பழையவைதான்.) பஸ்ஸுக்குக் கூண்டு கட்டுவது, கொசுவலை பின்னுவது, வெளிநாட்டு வீடுகளுக்குத் துணி அனுப்புவது என்று இந்த ஊருக்கு மூன்று தொழில்கள். மூன்றாவதுதான் பெரிது. மேஜை விரிப்பு, சமையலறைத் துவாலை, தலையணை உறை, ஜன்னல் திரை. எந்த நாட்டுச் சமையலறையிலோ தொங்கப்போகிற திரைக்கான பில் என் மேஜையைத் தாண்டித்தான் போகிறது. பத்து வருஷமாக அந்தக் காகிதங்களைப் பார்த்துவருகிறவன் வீட்டு ஜன்னலில் திரை இல்லை என்பதில் நான் எந்த முரணையும் கண்டதில்லை. தேவை ஏற்படவில்லை, அவ்வளவுதான்.

ஏன் ஏற்படவில்லை என்பது கொஞ்சம் யோசிக்கவேண்டிய விஷயம். நாங்கள் முன்பு குடியிருந்த ஓட்டு வீட்டில் ஜன்னலுக்கு நான்கு கதவுகள். மேலே இரண்டு, கீழே இரண்டு. கீழ்க் கதவுகளைச் சாத்தி மேல் கதவுகளைத் திறந்துவைத்தால் தெருவில் போகிறவர் கண் உள்ளே விழாது. காற்றும் வெளிச்சமும் தலைக்கு மேலாக வந்துவிடும். தரையில் பாய் விரித்து உட்காருகிற, படுக்கிற வாழ்க்கைக்கென்று ஏற்பட்ட ஜன்னல் அது. நாற்காலியும் கட்டிலும் வந்தபோதே அதன் கணக்கு கொஞ்சம் பிசகிவிட்டது. பிறகு முழு நீளக் கண்ணாடிக் கதவு வந்தது, அதன்பின் பக்கவாட்டில் நகர்கிற அலுமினியச் சட்டம் வந்தது. இவற்றில் மேல் பாதி, கீழ் பாதி என்ற பேதமே கிடையாது. ஜன்னல் திரையை வசதி வந்ததன் அடையாளமாக நாம் நினைக்கிறோம். தச்சர் செய்துகொண்டிருந்த ஒரு வேலையை, அவரை அனுப்பிவிட்ட பிறகு, துணியிடம் ஒப்படைத்திருக்கிறோம்.

இப்போதைய வாடகை வீடு தெரு மட்டத்தில் இருக்கிறது. இரண்டு ஜன்னல்களும் மேற்கே பார்த்தவை. கோடையில் வானிலைச் செய்தி கேட்கிறவர்களுக்குக் கரூர் பரமத்தி என்ற பெயர் பழக்கமாகியிருக்கும். 40 டிகிரி செல்சியஸைத் தாண்டிய இடங்களின் பட்டியலில் அது இல்லாத சித்திரை அபூர்வம். ஜன்னலை மூட முடியாது. ஜன்னலை ஒட்டி உள்ளே அம்மாவின் கட்டில். பகலில் படுக்கவேண்டிய வயது அவளுக்கு. தெருவில் போகிறவர்கள் கம்பியைப் பிடித்து நின்று சுகம் விசாரித்துவிட்டுப் போனார்கள். முதலில் அவளுக்கு இது பிடித்துத்தான் இருந்தது. மூன்றாம் மாதம், "படுத்திருக்கறதையே பாத்துட்டுப் போறாங்க சாமி, ஒரு துணியக் கட்டு" என்றாள்.

கடைகளில் தொங்கும் தயார்த் திரைகள் பெரும்பாலும் பாலியெஸ்டர். தலையில் வரிசையாக வளையம், உடம்பெல்லாம் பழுப்புப் பூ, வெளிச்சம் பட்டால் ஒரு வழவழப்பான மினுக்கு. அவற்றின் மேல் எனக்குள்ள ஆட்சேபம் அழகியல் சார்ந்ததல்ல என்று சொன்னால் இந்தப் பத்திரிகையின் வாசகர்கள் நம்பமாட்டார்கள். பாதி அதுதான். மீதிப் பாதி காற்று. நெருக்கமாக நெய்த அந்தத் துணி காற்றை உள்ளே விடாமல் தானே வாங்கிக்கொண்டு படகின் பாய்போல உப்பி நிற்கிறது. ஏற்றுமதியில் கழித்துப்போட்ட திரைகள் ஊரில் மலிவாகக் கிடைக்கும். ஆனால் ஒன்றுபோல் நான்கு கிடைக்காது. அப்படித்தான் காடாவுக்கு வந்தேன்.

ஜவஹர் பஜாரை ஒட்டிய ஒரு சந்தில் சிறிய கடை. "காடா எட்டு மீட்டர் வேணுங்க" என்றேன். கடைக்காரர் எழுந்து நின்றுவிட்டார். குரலைத் தாழ்த்தி, "எத்தன மணிக்குங்க எடுக்கறாங்க?" என்றார். எனக்குச் சட்டென்று விளங்கவில்லை. அவரே தொடர்ந்தார்: "எட்டு எதுக்குங்க, மூணு மீட்டர் தாராளமாப் போதுமே." ஜன்னலுக்கு என்று சொன்னேன். "ஜன்னலுக்கா?" என்று கேட்டுவிட்டு உட்கார்ந்தார். நிம்மதியா ஏமாற்றமா என்று பிரித்துச் சொல்ல முடியாத முகம். துக்கத்துக்கு வந்தவனிடம் பேரம் பேசக்கூடாது என்ற மரியாதை அதோடு விலகிவிட்டது. மீட்டர் 52 ரூபாய், ஒரு பைசா குறையாது என்றார். 416 ரூபாய் கொடுத்தேன்.

காடா என்பது தறியிலிருந்து இறங்கியது இறங்கியபடி இருக்கும் துணி. வெளுப்பு இல்லை, சாயம் இல்லை. சோமனூர், பல்லடம் பக்கத்து விசைத்தறிகள் இதைத்தான் நெய்து தள்ளுகின்றன. அதன் நிறத்தை வெள்ளை என்று சொல்ல முடியாது. மோருக்கும் பழைய வைக்கோலுக்கும் நடுவில் ஏதோ ஒன்று. ஆங்காங்கே மிளகுத் தூள் சிந்தியதுபோலக் கரும்புள்ளிகள். பருத்திக் கொட்டைத் தோலின் துணுக்குகள் அவை. இதே துணிக்கு இங்கிலாந்தில் காலிகோ என்று பெயர், நம் கள்ளிக்கோட்டையிலிருந்து போன பெயர். அமெரிக்காவில் இதை மஸ்லின் என்பார்கள். அங்கே காலிகோ என்றால் பூப்போட்ட சீட்டி. கடலைத் தாண்டும்போது துணி அப்படியே இருக்கிறது, பெயர்தான் வேறு துணிக்குப் போய்விடுகிறது.

நான் பி.ஏ.யில் ஆங்கில இலக்கியம் படித்தவன். ஜேன் அயர் என்ற சிறுமி ஜன்னல் மேடையில் ஏறிச் சிவப்புத் திரையை இழுத்துவிட்டுக்கொண்டு புத்தகம் படிக்கும் இடத்தை எங்களுக்கு விஸ்தாரமாகப் பாடம் நடத்தினார்கள். திரைச்சீலைக்கு அந்த நாட்டில் ஒரு போலீஸ் சரித்திரம் உண்டு என்பதை யாரும் சொல்லவில்லை. இந்தியாவிலிருந்து போன சாயமிட்ட, அச்சிட்ட பருத்தித் துணியை உள்நாட்டு உபயோகத்துக்கு இறக்குமதி செய்வதை 1700-இல் ஒரு சட்டம் தடுத்தது. 1721-இல் இன்னொரு சட்டம். அச்சிட்ட பருத்தியை, சில விலக்குகள் நீங்கலாக, உடுத்துவதும் வீட்டில் திரையாக, மெத்தையாக வைத்திருப்பதும்கூட அதன்படி குற்றம். கம்பளி, பட்டு நெசவாளர்களைக் காப்பாற்றுவதற்காக இந்த ஏற்பாடு. 1774 வரை நீடித்தது. இதில் எனக்குச் சுவாரஸ்யமான அம்சம், 1700-ஆம் வருஷத்துச் சட்டம் காடாவைத் தொடவில்லை என்பது. அது பாட்டுக்குக் கப்பலேறிப் போய் அங்கே அச்சேறியது. வெறும் துணி அப்பாவி, நிறம் ஏறிய பிறகுதான் குற்றவாளி என்று பாராளுமன்றத்தார் எண்ணியிருக்க வேண்டும். நண்பருடைய கவிதைக் கொள்கைக்கு இதைவிட நல்ல சட்டரீதியான ஆதரவு கிடைக்காது.

அம்மாவிடம் இந்தத் தர்க்கம் செல்லவில்லை. பொட்டலத்தைப் பிரித்ததும் கட்டிலிலிருந்து காலைத் தொங்கப்போட்டு உட்கார்ந்தாள். இரண்டு விரலால் துணியைத் தேய்த்துப் பார்த்தாள். "உங்கப்பனுக்குப் போத்துனது இதுதானே?" என்றாள்.

அது 2014. வந்தவர்கள் போர்த்தியதில் அப்பாவின் மேல் மாலையைவிடத் துணி அதிகமாக இருந்தது எனக்கு ஞாபகம் இருக்கிறது. மாமா பிறந்த வீட்டுக் கோடி கொண்டுவந்து அம்மாவின் தோளில் போட்டார். அந்தச் சேலையை அன்றைக்குப் பிறகு அவள் கட்டி நான் பார்த்ததில்லை. எங்கே போயிற்று என்று நான் கேட்டதும் இல்லை.

கோடி என்றால் புதுத்துணி, தண்ணீர் படாத துணி. அதற்கு மேல் அந்த வார்த்தையில் ஒன்றும் இல்லை. கல்யாணத்துக்கும் கோடி உண்டு. பாலக்காட்டுக் கணவாயைத் தாண்டிவிட்டால் ஓணத்துக்கு ஒருவருக்கொருவர் கொடுத்துக்கொள்வது கோடிதான். அங்கே வெளுக்காத துணியின் நிறமே பண்டிகையின் நிறம். கசவு முண்டிலிருந்து சரிகைக் கரையைப் பிரித்து எடுத்துவிட்டால் மிஞ்சுவது என் காடாவின் வசதியுள்ள தங்கை. கரூரிலிருந்து சில மணி நேர ரயில் பயணத்தில் சவத்தின் துணி திருவிழாவின் துணியாகிவிடுகிறது. வெறும் துணி என்று நண்பர் எதைச் சொல்வார்? நிறம் இல்லாததால்தான் இதன்மேல் எல்லாம் வந்து ஒட்டிக்கொள்கிறது. ரோஜாப்பூ அச்சிட்ட பாலியெஸ்டரைப் பார்த்து எந்தத் தாய்க்கும் எவர் ஞாபகமும் வராது.

என் மனைவி பள்ளி ஆசிரியை. காரியத்தில் கண்ணாக இருப்பவள். "இதே கலர்ல பெரிய கடையில நாலாயிரத்துக்கு வாங்கிட்டு வந்திருந்தா அத்தை ஒண்ணும் சொல்லியிருக்க மாட்டாங்க" என்றாள். நான் படித்த விமர்சனக் கட்டுரைகளில் பலவற்றைவிட இந்த ஒரு வாக்கியம் எளிமையின் பொருளாதாரத்தைத் தெளிவாகச் சொல்லிவிடுகிறது. அமெரிக்காவில் சுவருக்கு வர்ணம் அடிக்கிறவர்கள் தரை பாழாகாமலிருக்க விரிக்கும் முரட்டுத் துணியை வாங்கி வரவேற்பறைக்குத் திரையாக மாட்டுகிறார்கள். அங்கே அது ஒரு ரசனை. வேறு துணி வாங்கப் பணம் இருக்கிறது என்பது வீட்டின் மற்ற சாமான்களிலிருந்து தெரிந்துவிடுவதால் அந்தத் துணிக்கு ஆபத்தில்லை. எங்கள் வீட்டில் மற்ற சாமான்கள் அப்படி எதையும் சொல்வதில்லை.

கடைசியில் தீர்வு சொன்னது அம்மாதான். "தண்ணி பட்டுட்டா அது கோடி இல்ல. மூணு தண்ணி அலசு. மஞ்ச வெச்சுக் கட்டு." துணியைப் பற்றிக் கொஞ்சம் தெரிந்த எவரும் தைப்பதற்கு முன் காடாவை நன்றாக அலசத்தான் சொல்வார். காரணம்தான் வேறு.

காடா முதல் தண்ணீரை ஏற்பதில்லை. பருத்தி இழையின்மேல் இயற்கையாகவே ஒரு மெழுகு இருக்கிறது. வாளியில் அமுக்கினால் துணி மிதக்கிறது. மேலே தெளித்தால் தண்ணீர் சேப்ப இலையில் நிற்பதுபோல உருண்டு நிற்கிறது. சலவைச் சோடா போட்டுக் கொதிக்கவைத்த தண்ணீரில்தான் இறங்கியது. அடுத்து கஞ்சி. பாவு நூலுக்குக் கஞ்சி போடாமல் தறியில் ஏற்ற முடியாது, அறுந்துபோகும். நெய்து முடித்த பிறகு அந்தக் கஞ்சிக்கு வேலை கிடையாது. ஆனால் கடையில் தொடும்போது விறைப்பாக, கனமாக, நல்ல துணியாகத் தெரிவதில் அதற்கு ஒரு பங்கு உண்டு. இரண்டாம் தண்ணீர் பழைய சோற்று நீராகக் கலங்கியது, புளித்த வாசனை. மூன்றாம் தண்ணீர் தெளிந்தது. துணி சற்று மெலிந்து, கைக்கு அடங்கி வந்தது. நாம் அச்சிடும் கவிதைகளில் பாதிக்கு மேல் கஞ்சி போகாமலேயே வந்துவிடுகின்றன என்று அலசும்போது தோன்றியது. பெயர் சொல்லப்போனால் இந்த இதழின் பக்கங்கள் போதா.

எட்டு மீட்டர் காய்ந்தபின் 7.45 மீட்டராக இருந்தது. தைத்த பிறகு துவைத்திருந்தால் அந்த அரை மீட்டர் ஜன்னலுக்குக் கீழே வெளிச்சமாகத் தெரிந்திருக்கும். ஜன்னல் அகலம் நான்கு அடி. துணியின் அகலமும் ஏறக்குறைய அவ்வளவே. ஆகவே ஒரு ஜன்னலுக்கு இரண்டு துண்டு. அகலத்தைப்போல் இரண்டு மடங்கு துணி இருந்தால்தான் மடிப்பு விழும். ஒன்றுக்கு ஒன்று எடுத்தால் அது கட்சிக் கூட்டத்து பேனர். துண்டு போடும்போது கத்தரிக்கோலை நம்பக் கூடாது. குறுக்கே ஓர் இழையைப் பிடித்து மெல்ல உருவினால் துணியில் ஒரு கோடு விழுகிறது, ரூல் தடி வைத்துக் கிழித்ததுபோல. அந்தக் கோட்டின்மேல் வெட்டினால் திரை கோணாது. பக்கங்களில் நெசவின் கரையே இருப்பதால் அங்கே தையல் வேண்டாம். மேலே குழாய் நுழைய நான்கு அங்குலம் திருப்பினேன். கீழே மூன்று அங்குலத்தை இரட்டையாக மடித்தேன். மொத்தமே இவ்வளவுதான் தையல். மெஷின் இல்லை, நான்கு சாயங்காலம் கையால் தைத்தேன். அம்மாவுக்கு ஊசி கோக்கக் கண் தெரியாது. ஆனால் தைத்த இடத்தை விரலால் தடவிக்கொண்டே போய், "இங்க ஒண்ணு எட்டித் தாண்டியிருக்கு" என்பாள். தாண்டித்தான் இருக்கும்.

மாட்டுவதற்குக் கடைகளில் சுருள்கம்பி ஒன்று விற்கிறார்கள், பிளாஸ்டிக் உறை போட்டது. ஒரு மாதத்தில் நடுவில் தொய்ந்து ஊஞ்சலாகிவிடும். அரை அங்குல இரும்புக் குழாய் போட்டேன். முல்லைப்பாட்டில் பாசறைக்குள் உறுதியான கயிற்றில் திரையை இழுத்துக் கட்டி அரசனின் இடத்தை இரண்டு அறையாக்குகிறார்கள். போர்க்களத்துக்குக் கயிறு போதும் போலிருக்கிறது. கரூர்க் காற்றுக்குப் போதாது. சிலப்பதிகாரத்தின் அரங்கேற்று காதை மூன்று வகைத் திரைகளைச் சொல்கிறது. ஒரு பக்கமாக இழுப்பது ஒருமுக எழினி, இரு பக்கமிருந்து வந்து கூடுவது பொருமுக எழினி, மேலிருந்து மறைவாக இறங்குவது கரந்துவரல் எழினி. அந்தக் கணக்கில் என் வீட்டில் இருப்பவை இரண்டு பொருமுக எழினிகள். மாதவி ஆடாததுதான் குறை.

மாட்டுவதற்கு முந்தின நாள், மஞ்சள். கிண்ணத்தில் குழைத்துக்கொண்டு அம்மா என் மனைவியைக் கூப்பிட்டாள், "நீ வந்து வெய்யி கண்ணு" என்று. மனைவி அடுப்படியிலிருந்தே, "நீங்களே வைங்க அத்தை, எனக்குக் கை வேலையா இருக்கு" என்றாள். அவளுக்குக் கையில் ஒரு வேலையும் இல்லை என்பது எனக்குத் தெரிந்தது. அம்மாவுக்கும் தெரிந்திருக்க வேண்டும். கிண்ணத்தை மடியில் வைத்துக்கொண்டு சற்று நேரம் உட்கார்ந்திருந்தாள். பத்து வருஷத்துக்கு மேலாக இந்த வீட்டில் எந்தப் புதுத்துணிக்கும் அவள் மஞ்சள் வைத்ததில்லை. பிறகு ஒவ்வொரு மூலையாக எடுத்து வைக்க ஆரம்பித்தாள். நான்கு துண்டு, பதினாறு மூலை. துணியில் ஈரமும் கொஞ்சம் சோடாவும் மிச்சமிருந்திருக்கிறது. மூன்று நான்கு இடங்களில் மஞ்சள் சிவந்துவிட்டது. காரம் பட்டால் மஞ்சள் சிவக்கும் என்பது பள்ளிக்கூட ரசாயனம். அதை நான் சொல்லவில்லை. அவள் விரல் நுனியும் சிவந்திருந்தது. அதைச் சேலையில் துடைத்துக்கொள்ளாமல் வெகுநேரம் அப்படியே வைத்திருந்தாள்.

நண்பருக்கு இதைத்தான் எழுதவேண்டும். ஆனால் எப்படி எழுதுவது? துணி அதே துணி. மூன்று தண்ணீரும் பதினாறு புள்ளியும் அதை வேறொன்றாக்கவில்லை. அவள் அதன் பழைய அர்த்தத்தைக் கழற்றி எறியவும் இல்லை. அப்பாவின் துணி என்று தெரிந்தேதான் அதன் பக்கத்தில் படுத்துக்கொள்கிறாள். சொல்லை வெறுமையாக்குவதாகச் சொல்லும் நம் கவிஞர்கள் பெரும்பாலும் அதன் முந்தைய வாழ்க்கையைத் தெரியாதவர்கள்போலப் பாவனை செய்கிறார்கள். அம்மாவிடம் அந்தப் பாவனை இல்லை. இது ஓர் இலக்கியக் கோட்பாடாகுமா என்று எனக்குத் தெரியாது. ஆகாவிட்டாலும் பாதகமில்லை.

பகலில் திரை நன்றாகவே வேலை செய்கிறது. மேற்கு வெயில் அதில் வடிந்து அறை முழுக்க ஒரு மோர் நிற வெளிச்சம். உள்ளே இருட்டும் வெளியே வெயிலுமாக இருப்பதால் அம்மாவுக்குத் துணியின் இழைகளூடே தெரு மங்கலாகத் தெரிகிறது, தெருவுக்கு அவள் தெரிவதில்லை. இரவில் இந்தச் சட்டம் தலைகீழாகிவிடும் என்பதை எதிர்வீட்டுச் சிறுவன் வந்து சொன்னான்: "பாட்டி தல சீவுறது சினிமா மாதிரித் தெரியுது." தோல்பாவைக் கூத்தில் வெள்ளைத் துணிக்குப் பின்னால் விளக்கு, நடுவில் பாவை. எங்கள் விளக்கு எதிர்ச் சுவரில் இருந்தது. அதை ஜன்னல் இருக்கும் சுவருக்கு, திரைக்கு மேலாக மாற்றினேன். இப்போது நிழல்கள் உள்பக்கச் சுவரில் விழுகின்றன. சிறுவனுக்கு வருத்தம்.

மஞ்சள் வெயிலில் ஒரு மாதத்துக்குள் வெளுத்துவிட்டது. சிவந்த மூலைகள் மட்டும் லேசாகத் தெரிகின்றன. அதன்பின் இரண்டு முறை துவைத்தாயிற்று. இன்னும் அரை அங்குலம் சுருங்கியிருக்கிறது. கீழ் மடிப்பில் மூன்று அங்குலம் உள்ளே இருக்கிறது. தேவைப்பட்டால் பிரித்துவிடலாம்.